யானைமலையில் வெட்டிய 3871

ஒத்தக்கடையில் இறங்கி நரசிங்கம் போகிறவர்கள் யோக நரசிம்மரைச் சேவித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் குடைவரையில் ஓர் எண் இருக்கிறது. காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு, யானைமலையில் அதைவிடப் பெரிய சொத்து எதுவும் கிடையாது.

பாண்டியன் மாறஞ்சடையனுக்கு உத்தரமந்திரி களக்குடி மாறன் காரி. மலையைக் குடைந்து இந்தக் கற்றளியை எடுத்தவர், நீர்த்தெளிக்கு, அதாவது குடமுழுக்குக்கு, முன்பே இறந்துபோனார். அதே பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து, நீர் தெளித்து முடித்தார். இவ்வளவையும் வட்டெழுத்தில் தமிழ் சொல்கிறது. காலத்தைச் சொல்வது கிரந்தத்தில் உள்ள வடமொழிச் செய்யுள். கலியில் மூவாயிரமும் எண்ணூறும் எழுபத்தொன்றும் ஆண்டுகள் கழிந்தனவாம். இலக்கம் போடவில்லை, சொல்லாகவே வெட்டியிருக்கிறார்கள். நம் பழைய இலக்கத்தில் எழுதினால் ௩௲௮௱௭௰௧.

கழிந்த கலியாண்டில் 3101-ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும்: கி.பி. 770. சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. கலியில் அறுபது அறுபதாண்டுகள், அதாவது 3600 ஆண்டுகள், கழிந்தபோது தமக்கு வயது 23 என்று ஆரியபடர் எழுதிவைத்தார், அது கி.பி. 499. மிச்சம் 271-ஐக் கூட்டுங்கள், அதே 770.

கலியுகத்தின் மொத்த அளவு 4,32,000 ஆண்டு. ஏழு இரண்டு, மூன்று மூன்று, மூன்று ஐந்து, இவற்றைப் பெருக்கினால் வரும் எண் இது. 60-ஆலும் 3600-ஆலும் மீதியில்லாமல் வகுபடும். பாபிலோனில் பெரோசஸ், பிரளயத்துக்கு முந்திய அரசர்கள் ஆண்டதாகச் சொன்ன காலமும் 4,32,000 ஆண்டுதான்: 3600-இன் 120 மடங்கு. அறுபதை வைத்து வானத்தை அளந்தவர்களுக்கு இப்படிப்பட்ட எண் கைக்கு அடக்கம்.

3871 அப்படி வளைந்து கொடுக்காது. இரண்டு, மூன்று, ஐந்து எதனாலும் வகுபடாது. ஏழால் வகுத்தால் 553, மறுபடி ஏழால் வகுத்தால் 79, அதோடு நின்றுவிடும். அழகுக்காக யாரும் இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். நடந்த ஆண்டு அதுவாக இருந்தது, வெட்டினார்கள். அதனால்தான் இதை நான் நம்புகிறேன். வேள்விக்குடிச் செப்பேடு இதே மன்னனின் மூன்றாம் ஆட்சியாண்டு என்று மட்டும் சொல்லும். எந்த மூன்றாம் ஆண்டு என்று கேட்டால், ஆய்வாளர்கள் ஓடிவர வேண்டிய இடம் இந்தச் சுவர்தான்.

கலியாண்டோடு 13 கூட்டி 60-ஆல் வகுத்தால், மீதி அறுபதாண்டுச் சுற்றில் வருடத்தின் இடம். 3884-ஐ வகுத்தால் மீதி 44: சாதாரண. இன்றைய சுற்றை அப்படியே பின்னோக்கி நகர்த்திய கணக்கு இது. அடுத்த சாதாரண 2030 சித்திரையில் பிறக்கிறது. அப்போது 21 சுற்று நிறையும். அதற்குள் ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போய் இந்தச் சுவரைக் காட்டுங்கள். வகுத்தலை அங்கேயே உட்கார்ந்து போடச் சொல்லுங்கள்.