கோப்பியின் வீழ்ச்சியும் ஊவாவின் சிறு வணிகமும்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குச் செல்லும் மலைப்பாதையில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையே காட்சியளிக்கின்றது. ஊவாவின் மலைச்சரிவுகள் கோப்பியால் வளம்பெற்றிருந்த காலமும் ஒன்று இருந்தது. அக்காலம் முடிவுற்ற கதையைப் பெருந்தோட்டங்களின் கதையாகவே பலரும் கூறுவர். ஆயின் அவ்வீழ்ச்சியின் பாரத்தைத் தாங்கியோர் தோட்டத்துரைமார் மட்டும் அல்லர். அரிசிக் கடைக்காரர், வண்டிக்காரர், ஆள்கட்டும் கங்காணிமார் ஆகிய சிறுமுதலாளரும் அதன்கீழ் அகப்பட்டனர். இடர் வருமுன் எவர் யாது ஏற்பாடு செய்திருந்தனர் என்று வினவி நோக்கின், அக்கதை வேறொரு தோற்றங் கொள்கின்றது.

1869ஆம் ஆண்டில் பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில், கோப்பியிலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி படிந்திருக்கக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெய்ற்ஸ் என்பார் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்த பேர்க்லி என்னும் அறிஞர் அந்நோய்க்காளானுக்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். பிற்பகுதிச் சொல்லின் பொருள் ‘பாழ்படுத்துவது’ என்பதாம். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது. கோப்பிக்குக் கடன் கொடுத்த பெருவங்கி கதவடைத்தது 1884ஆம் ஆண்டிலேயாம். இடையே கழிந்தவை பதினைந்து ஆண்டுகள். இவ்வளவு நீண்ட தவணை கொடுத்து வந்த இடர் வணிக வரலாற்றில் அதிகமில்லை.

அத்தவணை வீணானமைக்குக் காரணம் அறியாமையன்று, விலையேற்றமே. 1870ஐ அடுத்த ஆண்டுகளில் உலகச் சந்தையிலே கோப்பியின் விலை பெரிதும் உயர்ந்தது. ஏக்கருக்குக் கிடைத்த விளைச்சல் குறைந்தும் அந்தர் ஒன்றுக்குக் கிடைத்த பணம் மிகுந்தமையால், கணக்கேடு நோயைக் காட்டவில்லை. நோய் கண்ட பயிரையே மேலும் மேலும் நட்டனர். 1878ஆம் ஆண்டளவில் இலங்கையிற் கோப்பி நின்ற நிலம் ஏறக்குறைய 2,75,000 ஏக்கராயிற்று. புதுநிலந் திருத்தியதும் கடன்பட்ட பணத்தினாலேயே. 1880ஆம் ஆண்டில் நோயை ஆராய வந்த மார்ஷல் வார்ட், இடைவெளியின்றி ஒரே பயிர் பரந்து கிடந்தமை நோய் பரவுதற்கு வாய்ப்பளித்தது என்று காட்டினார். அதற்குள் விலையும் இறங்கத் தொடங்கிவிட்டது.

1884ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஒரியண்டல் வங்கி கொடுப்பனவை நிறுத்தியது. நாட்டிற் புழங்கிய தாட்பணத்திற் பெரும்பகுதி அவ்வங்கி வெளியிட்டதே. தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசின் பொறுப்புறுதி அளித்தார். அதற்கென முன்வகுத்த திட்டமோ முன்மாதிரியோ அவர்க்கு இருக்கவில்லை, துணிவே இருந்தது. அடுத்த ஆண்டிலிருந்து அரசே நாணயத்தாள் வெளியிடலாயிற்று. தாளைக் கையில் வைத்திருந்த சில்லறை வணிகன் தப்பினான். கொடுத்த கடனைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தவனுக்கோ அவ்வுறுதி எவ்வாற்றானும் பயன்படவில்லை. வங்கி துரைக்கு முற்பணம் மறுத்தால், துரை கங்காணிக்குச் சம்பளம் இறக்கான். சம்பளம் இறங்காத மாதத்திற் கடைக்கணக்கு ஏறும். கடைக்காரனுக்கு அரிசி கொடுத்த மொத்த வணிகனோ பணங்கேட்டு நிற்பான். சங்கிலியின் கடைசிக் கண்ணிக்குக் கையிருப்பு என்பதே அரிது.

இனி, தப்பியோர் எவ்வாறு தப்பினர்? கோப்பி நிற்கும்போதே அதன் இடையிற் பிறிதொன்றை நட்டவர் சிலர். ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது கோப்பி நோய் வெளிப்படவேயில்லை. தேயிலை பயன்தருதற்குச் சில ஆண்டுகள் செல்லும். அவ்விடைக்காலத்திற் பலர்க்குக் கைகொடுத்தது சிங்கோனா. அதன் பட்டையும் மிகுதியாக ஏற்றுமதியாகி விலை வீழ்ந்தது உண்மையே. எனினும் விழுமுன் அது ஈட்டித் தந்த பணம் தேயிலை நடுதற்கு உதவியது. சிங்கோனாவைத் தோல்வியுற்ற பயிர் என எழுதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். ஏற்பாடின்றி நின்ற தோட்டங்களோ மலிவு விலைக்குப் போயின. 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, அப்புத்தளையை அடுத்த தம்பேதென்னை முதலாய தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், கிளாஸ்கோ நகரில் ஒரு மளிகைக் கடையோடு தொழில் தொடங்கியவர் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் ஏற்பாடு முற்றிலும் வேறானது. அவர்தம் முதல் ஒரு பயிரிலோ ஒரு நாட்டிலோ தங்கவில்லை. இலங்கையிற் கடை வைத்த குடும்பத்தார்க்குப் பர்மாவிலும் மலாயாவிலும் கடைகள் இருத்தல் உண்டு. கடையை நடத்தும் முகவர் ஏறக்குறைய மூன்றாண்டுத் தவணைக்கு வருவர். கணக்குகள் ஊரிலுள்ள முதலாளிக்குச் செல்லும். ஐந்தொகை போட்டு நிலைமை சரிபார்க்கப்படும். நெருக்கடியில் ஒரு கடை பிறிதொரு கடையிடம் கைமாற்றுப் பெறுவதும் வழக்கம். எனினும் இவ்வரணிலும் ஒரு வாயில் திறந்தே கிடந்தது. தம் முதலோடு ஆங்கிலேய வங்கிகளின் கடனையும் சேர்த்தே அவர்கள் வட்டிக்கு விட்டனர். 1925ஆம் ஆண்டிற் சில கடைகள் முறிந்தபோது வங்கிகள் அக்கடனைச் சுருக்கிக் கொண்டன. செட்டியாரிடம் பணம் பெற்று வாழ்ந்த உள்நாட்டுச் சிறு வணிகரே அதனால் இடருற்றனர். 1934ஆம் ஆண்டின் வங்கி விசாரணைக்குழு இக்குறையை ஆராய்ந்தது. 1939ஆம் ஆண்டில் இலங்கை வங்கி தோன்றியது.

ஊவாவின் வண்டிக்காரர் பற்றியும் ஒரு சொல். மலைநாட்டுப் புகைவண்டிப் பாதை 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை அடைந்து நின்றது. 1894இற் பண்டாரவளைக்கும் 1924இற் பதுளைக்கும் எட்டியது. கோப்பியின் வீழ்ச்சிக்குப் பின்னும் எஞ்சிய மாட்டுவண்டித் தொழிலுக்கு இஃது இரண்டாம் அடி. ஆனால் தண்டவாளம் வருவதைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே காணக்கூடியதாயிருந்தது. நிலையத்திலிருந்து தோட்டத்திற்கு ஏற்றியிறக்கும் வேலையும் வண்டிக்கு எஞ்சியிருந்தது.

வங்கி முறிந்த அதே 1884ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் கூலியைத் தோட்டத்தின்மீது முதற்கடனாக்கும் சட்டமும் பிறந்தது. தோட்டம் ஏலம் போயினும் ஈட்டுக்காரனுக்கு முன்னே கூலிக்காரன் நிற்கலாம் என்றாயிற்று. கடைக்காரனின் கொப்பியைப் பற்றி அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் கூலி கைக்கு வந்தால் அரிசிக்கடன் தீரும். அவன் பெயரைச் சொல்லாமலே, அவனுக்கென ஆக்கப்படாத அச்சட்டம் அவன் கணக்கிற்கும் ஓரளவு காவலாயிற்று.