ஜார் தோட்டம் – 6: ரோப்ஷாத் தண்ணீர்

சென்ற வாரம் மகா பீட்டரை மண்வெட்டியும் கையுமாக நிற்கவைத்துவிட்டுப் போனேன். 1721 ஆகஸ்ட் 8. இடம் ரோப்ஷா மேடு. ஒரு பக்கம் தேங்கி நிற்கும் ஊற்று நீர். மறுபக்கம் ஜனவரிப் பனியில் வெட்டத் தொடங்கி எட்டே மாதத்தில் முடித்த வாய்க்கால். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் மண். வாய்க்காலின் அந்தக் கோடியில், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, பின்லாந்து வளைகுடாக் கரையில் பீட்டர்ஹோஃப் தோட்டம் வறண்ட தொட்டிகளோடு காத்துக் கிடக்கிறது.

தண்ணீர் போய்ச் சேர்ந்ததா?

சேர்ந்தது. ஜார் தம் கையாலேயே மண்ணை வெட்டிவிட்டார். இரவெல்லாம் காட்டையும் சதுப்பையும் கடந்து நடந்த நீர், மறுநாள் காலை தோட்டத்துக்குள் நுழைந்தது. இத்தனைக்கும் வழியில் ஒரு பம்பு கிடையாது, ஒரு சக்கரம் கிடையாது. மேட்டிலிருந்து கடல்வரை நிலத்தின் வாட்டம் மட்டும்தான். ஏரியும் மடையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் அதிசயம் இல்லை என்று தோன்றலாம். ஆனால் அன்றைய ஐரோப்பாவின் மிகப்பெரிய ராஜாவுக்கே இது வாய்க்கவில்லை.

1717இல் பீட்டர் பிரான்சுக்குப் போனபோது வெர்சாய் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அங்கே நீரூற்றுகளுக்காக மார்லி என்ற இடத்தில் சீன் ஆற்றின் குறுக்கே 14 ராட்சதச் சக்கரங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட பம்புகள். அவ்வளவு இரைச்சலுக்குப் பிறகும் எல்லா ஊற்றுகளையும் ஒரே நேரத்தில் ஓடவிடத் தண்ணீர் போதவில்லை. பதினான்காம் லூயி நடந்து வரும்போது ஆட்கள் விசிலடித்து ஒருவருக்கொருவர் சமிக்ஞை தருவார்கள். ராஜா வரும் பக்கம் ஊற்று திறக்கும், அவர் திரும்பிய முதுகுக்குப் பின்னால் மூடும். பீட்டர் இதையெல்லாம் பார்த்தும் கேட்டும்தான் ஊர் திரும்பினார்.

திரும்பியும் முதலில் தப்பான இடத்தைத்தான் பிடித்தார். ஸ்த்ரெல்னாவில் பெரிய அரண்மனை, பெரிய தோட்டம் என்று வேலை தொடங்கியாயிற்று. அங்கே தண்ணீரைத் தானாக மேலே எழுப்ப நிலம் இடம் கொடுக்கவில்லை. தொடங்கிவிட்டோமே என்று பிடிவாதம் பிடிக்காமல் இன்னும் மேற்கே நகர்ந்து பீட்டர்ஹோஃபுக்கு வந்ததும், 1720 கோடையில் நீரைத் தேடி ரோப்ஷா மேட்டில் அலைந்ததும் என் கணக்கில் போர் வெற்றிகளுக்குச் சமம். வாய்க்காலின் பொறுப்பு வசீலி துவோல்கோவ் என்ற ரஷ்யருக்குப் போனது. பீட்டர் வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைத்த இளைஞர்களில் ஒருவர் அவர். வெட்டியவர்கள் சிப்பாய்கள். அவர்கள் பெயர்களை யாரும் கல்லில் பொறிக்கவில்லை.

ஏற்பாடு எளிது. மேட்டிலிருந்து வரும் நீர் வழியிலுள்ள குளங்களில் நிரம்பும். அங்கிருந்து அரண்மனைக்குப் பின்னாலுள்ள மேல்தோட்டத்துக் குளங்களுக்கு வரும். அரண்மனை நிற்பது 16 மீட்டர் உயர விளிம்பில். அதற்கும் கீழே, கடல்வரை கீழ்ப்பூங்கா. மேலே தேங்கிய நீர் குழாய்க்குள் இறங்கி, கீழே சின்ன வாய் வழியாக வெளியேறும்போது சீறி எழுகிறது. எழுந்து விழுந்த நீர் மறுபடி பயன்படுவதில்லை. நேரே கடலுக்குப் போய்விடுகிறது. 1723 ஆகஸ்ட் 15இல் திறப்பு விழா நடந்தது. வெளிநாட்டு விருந்தினர்கள் கடல்வழியாகவே வந்து இறங்கினார்கள். இன்று அங்கே இருப்பவை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஊற்றுகள். அத்தனைக்கும் அதே ரோப்ஷா மேட்டுத் தண்ணீர், அதே வாட்டம்.

நடுநாயகம் சாம்சன். பெரும் அருவிப்படிகளின் அடியில், வட்டத் தொட்டிக்கு நடுவே, ஒரு பலசாலி சிங்கத்தின் வாயை இரு கைகளாலும் பிளக்கிறான். பிளந்த வாயிலிருந்து நீர் 20 மீட்டர் உயரத்துக்குப் பாய்கிறது. 1709 ஜூன் 27இல் பொல்தாவாவில் பீட்டர் சுவீடனை முறியடித்தார். அன்று புனித சாம்சனின் திருநாள். சுவீடனின் அரசச் சின்னத்தில் சிங்கம். பொம்மை யாரைக் குறிக்கிறது, சிங்கம் யாரைக் குறிக்கிறது என்று அன்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1735இல் முதல் சாம்சன் ஈயத்தில் வார்க்கப்பட்டு நின்றான். ஈயம் தளர்ந்தபின் 1802 வாக்கில் சிற்பி கோஸ்லோவ்ஸ்கியின் வெண்கலச் சாம்சன் வந்தான். இன்று சுற்றுலாப் பயணிகள் முதுகு காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது மூன்றாமவனோடு, 1947இல் வந்தவனோடு. இரண்டாமவன் எங்கே போனான்? அதற்கு நாம் 1941 செப்டம்பர் வரை போகவேண்டும். பொறுத்திருங்கள்.

சாம்சனைவிட எனக்குப் பிடித்தவை குறும்பு ஊற்றுகள். பீட்டருக்கு விருந்தாளியை நனைத்துப் பார்ப்பதில் அலாதி ஆனந்தம். கடலோரத்தில் மோன்பிளேசிர் என்று தமக்கென ஒரு மாடியில்லாத செங்கல் வீடு கட்டிக்கொண்டார். ஜன்னலைத் திறந்தால் அலை, தூரத்தில் கிரோன்ஷ்டாட் கோட்டைத் தீவு. அந்த வீட்டுத் தோட்டத்தில் சாதுவாக இரண்டு பெஞ்சுகள். முன்னால் கூழாங்கல் பரப்பிய தரை. களைத்துப்போய் யாராவது உட்காரப் போனால் கற்களுக்கிடையிலிருந்து நீர் பீறிடும். இன்றும் கோடையில் பிள்ளைகள் அந்தக் கற்கள்மேல் தாவிக்கொண்டிருப்பார்கள். எந்தக் கல்லை மிதித்தால் தண்ணீர் வருகிறது என்று மணிக்கணக்கில் ஆராய்ச்சி. ‘இதுதான், இதுதான்’ என்று ஒருவன் கத்துவான், அடுத்த முறை அதே கல் ஏமாற்றும். ரகசியம் கல்லில் இல்லை. சற்றுத் தள்ளி மறைவாக ஓர் ஆள் உட்கார்ந்து, யாரை எப்போது நனைப்பது என்று தன் இஷ்டத்துக்குத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார்.

மறைவில் இருப்பவர் கையில்தான் மடை. இனி அதே மோன்பிளேசிருக்கு, 41 வருடம் தள்ளி வருவோம்.

1762 ஜூன் 28. (இந்தத் தேதிகள் அன்றைய ரஷ்யப் பஞ்சாங்கப்படி, இன்றைய காலண்டருக்கு 11 நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.) முந்தின நாள்தான் பொல்தாவா நாள். அடுத்த நாள் புனித பீட்டர், புனித பால் திருநாள், அதாவது பேரரசரின் பெயர்நாள். இந்தப் பேரரசர் மூன்றாம் பீட்டர், நம் மண்வெட்டிப் பீட்டருடைய மகளின் மகன். ஜெர்மனியில் கீல் நகரில் பிறந்து, ரஷ்யாவுக்கு வந்தும் ஜெர்மானியராகவே வாழ்ந்தவர். பட்டத்துக்கு வந்து ஆறு மாதம்தான். அதற்குள், ரஷ்யப் படை ரத்தம் சிந்திப் பிடித்த நிலங்களைத் தம் ஆதர்ச நாயகன் பிரஷ்ய மன்னருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காவற்படைக்குப் பிரஷ்யச் சீருடை மாட்டினார். ஜூன் 9இல் அரசு விருந்து ஒன்றில் எல்லோர் காதிலும் விழும்படி மனைவியை ‘முட்டாள்’ என்று திட்டினார். மனைவி பெயர் கேத்தரின்.

அந்த மனைவி இப்போது மோன்பிளேசிரில் தூங்கிக்கொண்டிருக்கிறார். கணவர் சுமார் 10 கிலோமீட்டர் மேற்கே, ஒரானியன்பாம் அரண்மனையில். பெயர்நாள் விருந்துக்காக அன்று பகலில் பரிவாரத்தோடு பீட்டர்ஹோஃபுக்கு வருவதாக ஏற்பாடு. கேத்தரின் உடுத்த வேண்டிய விருந்து உடை எடுத்துவைத்தாயிற்று.

காலை ஆறு மணிக்கு அறைக்குள் ஒருவர் நுழைந்தார். அலெக்சேய் ஓர்லோவ், காவற்படை அதிகாரி. பதற்றமே இல்லாத குரலில் அவர் சொன்ன சேதி இவ்வளவுதான்: எழுந்திருக்கும் நேரம் வந்துவிட்டது, தங்களைப் பேரரசியாக அறிவிக்க எல்லாம் தயார். ஏன் இத்தனை அவசரம் என்றால், சதியில் ஒருவரான பாசெக் முந்தின இரவு கைதாகிவிட்டார். அவர் வாய் திறப்பதற்குள் முந்திக்கொள்ளவேண்டும்.

கேத்தரின் தலைகூட வாரவில்லை. கையில் கிடைத்த கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு வண்டியேறினார். தலைநகருக்குப் போகும் வழியில் எதிரே அவருடைய சிகை அலங்காரக்காரர் வந்துகொண்டிருந்தார் என்றும், அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற போக்கிலேயே கொண்டை போட்டுக்கொண்டார் என்றும் சொல்வார்கள். குதிரைகள் ஓய்ந்துபோயின. நகரை நெருங்கும்போது ஓர்லோவின் அண்ணன் கிரிகோரி வேறு வண்டியோடு எதிர்கொண்டார். இஸ்மாயிலோவ்ஸ்கி படைப்பிரிவின் கொட்டடி வாசலில் முரசு ஒலித்தது. பகலுக்குள் தலைநகரம் கேத்தரின் கையில்.

தோட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது.

பிற்பகலில் மூன்றாம் பீட்டர் தம் காதலி எலிசவேத்தா வொரொன்ட்சோவாவோடும் அரசவைப் பெண்களோடும் வந்து இறங்கினார். மோன்பிளேசிரில் ஆளில்லை. உடை இருக்கிறது, உடுப்பவரைக் காணோம். பேரரசர் அறை அறையாகப் போய்த் தேடினார், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார் என்று அக்காலத்துக் கதை ஒன்று உண்டு. தாத்தா அந்தத் தோட்டத்தில் விருந்தாளிகளை ஏமாற்றிச் சிரித்தார். பேரனை ஏமாற்றியவர் யார் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

அதன்பின் நடந்ததை அவருடைய பழைய ஆசிரியர் ஷ்டேலின் கூடவே இருந்து குறித்து வைத்திருக்கிறார். சேதி அறிந்துவர அனுப்பிய பெரிய மனிதர்கள் திரும்பவே இல்லை. போன இடத்தில் கேத்தரினோடு சேர்ந்துகொண்டார்கள். பேரரசர் கீழ்ப்பூங்காவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அருவியிலிருந்து கடலுக்கு ஓடும் கால்வாயின் மதகருகே எழுத்தர்கள் நின்றுகொண்டு, கைப்பிடிச் சுவரையே மேசையாக்கி ஆணைமேல் ஆணையாக எழுதித் தள்ளினார்கள். இந்தக் காட்சியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கீழே தாத்தாவின் கால்வாய். மேலே, ஒருவரும் கீழ்ப்படியப் போகாத ஆணைகளின் மை காய்ந்துகொண்டிருக்கிறது.

கூட்டத்தில் புத்தி தெளிவாக இருந்தவர் ஒருவர்தான். கிழத் தளபதி மூனிக். 20 வருடம் சைபீரியாவில் கிடந்தவர். அவரை மீட்டு வந்தவர் இந்தப் பேரரசர். அந்த நன்றியோ என்னவோ, கடைசிவரை கூட நின்றார். கிரோன்ஷ்டாட்டுக்குப் போங்கள், கோட்டையும் கப்பற்படையும் கையில் இருந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நல்ல யோசனைதான். மணிக்கணக்கில் தயங்கிவிட்டு இரவில் கப்பலேறினார்கள். நள்ளிரவு தாண்டிக் கோட்டையை நெருங்கியபோது காவலர்கள் உள்ளே விட மறுத்தார்கள். ‘நான்தான் பேரரசர்’ என்றவருக்கு வந்த பதில்: இப்போது பேரரசர் என்று யாரும் இல்லை, பேரரசி கேத்தரின்தான். கேத்தரினின் ஆளான தளபதி தலீசின் முன்பே வந்து கோட்டையைப் பூட்டியிருந்தார். கப்பல் திரும்பியது.

அந்நேரம் பீட்டர்ஹோஃப் சாலையில் கேத்தரின் ஆயிரக்கணக்கான வீரர்களோடு வந்துகொண்டிருந்தார். இரவல் வாங்கிய காவற்படைச் சீருடை, கையில் உருவிய வாள், குதிரைமேல். முந்தின காலை தலைவாராமல் ஓடிய அதே தோட்டத்துக்கு.

ஜூன் 29. பெயர்நாள். ஒரானியன்பாமில் மூன்றாம் பீட்டர் பதவி துறப்பில் கையெழுத்திட்டார். வண்டியில் பீட்டர்ஹோஃபுக்குக் கொண்டுவந்தார்கள். வாளையும் பதக்கப் பட்டையையும் கழற்றிக்கொண்டார்கள். வொரொன்ட்சோவாவைப் பிரித்தார்கள். ஷ்லிசல்பர்க் சிறைக்கோட்டையில் அறை தயாராகும்வரை பீட்டரை வைத்திருக்க, ஆளரவம் குறைந்த ஓர் இடம் வேண்டியிருந்தது. மாலையில் காவலோடு வண்டி புறப்பட்டது. கூடவே போனவர்களில் அலெக்சேய் ஓர்லோவும், இரண்டு நாள் முன்பு கைதாகி விடுதலையான பாசெக்கும் இருந்தார்கள்.

வண்டி கடலை விட்டு விலகி, தெற்கே மேட்டை நோக்கி ஏறியது. நீர் இறங்கி வரும் திசையிலிருந்து நீர் பிறக்கும் இடத்துக்கு. தாத்தா மண்வெட்டியோடு நின்ற அதே ரோப்ஷாவுக்கு.

போய்ச் சேர்ந்ததும் கைதி கேட்டவை நான்கு: காதலி, நாய், நர்சிஸ் என்ற கறுப்பினப் பணியாள், வயலின். காதலியைத் தவிர மற்றவற்றுக்குக் கேத்தரின் சம்மதித்தார்.

வயலினை அவர் எத்தனை நாள் வாசித்தார்? ஜூலை 6இல் ரோப்ஷா வீட்டின் சாப்பாட்டு மேசையில் என்ன நடந்தது? மூலம் தொடர்பான வயிற்றுவலி என்று சொன்ன அரசு அறிக்கையை ஐரோப்பாவில் ஏன் ஒருவரும் நம்பவில்லை?

(அடுத்த வாரம்)