பவுனுக்கு ஏன் இந்தப் பயம்?



போன வாரம் நான் போட்ட படத்தில் என் விரலில் உட்கார்ந்திருந்த மஞ்சள் பறவையைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். அது காக்கடீல். கடைக்காரர்கள் வாயில் 'காக்டெயில்' ஆகிவிட்டதால், "சார், இந்த வயசிலயா?" என்று கேலி செய்தவர்களும் உண்டு. பேத்தி வைத்த பெயர் பவுனு. அந்த ஒரு படத்துக்குப் பின்னால் நான்கு மாதக் கதை இருக்கிறது. அதற்கும் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. சரித்திர வாத்தியாரிடம் கேட்டுவிட்டீர்கள், இனி பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மகன் வாங்கி வந்த அன்று பவுனு கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. நான் பக்கத்தில் போனால் கொண்டை மயிர் குத்திட்டு நிற்கும். கையை நீட்டினால் அதே கொண்டை தலையோடு படிந்துவிடும், 'உஸ்' என்று சீறும். இரண்டாம் நாள் இரவு மின்சாரம் போனது. இருட்டில் அது கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொண்டதில் ஒரு இறகு முறிந்து ரத்தம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள்தான் நான் பெரிய தவறு செய்தேன். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் பறவையைக் கையில் வைத்துப் படம் எடுக்க ஆசைப்பட்டார். நானும் துண்டைப் போட்டு அமுக்கிப் பிடித்து வெளியே எடுத்தேன். என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு மாதம், என் துண்டைப் பார்த்தாலே அது அலறியது.

'இதற்கு நான் என்ன கெடுதல் செய்தேன்' என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் இது எந்த ஊர்ப் பறவை என்று படிக்க உட்கார்ந்தேன்.

இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. மழை எங்கே பெய்து புல் விதை விளைகிறதோ, அங்கே கூட்டமாகப் பறந்து போகும் நாடோடி. தரையில் இறங்கி விதை பொறுக்கும், வானத்தில் வல்லூறு வட்டமிடும். ஒன்று எழும்பினால் அத்தனையும் எழும்பிவிட வேண்டும். 'என்ன சத்தம் அது' என்று நின்று யோசித்த பறவை பிழைத்திருக்காது. இன்று நம் வீடுகளில் இருப்பவை எல்லாம் யோசிக்காமல் பறந்தவற்றின் வாரிசுகள்.

ஆங்கிலேயர் 1788-இல் சிட்னியில் குடியேறிய நான்கே ஆண்டுகளில், 1792-இல், ராபர்ட் கெர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார். அப்போது ஆஸ்திரேலியாவுக்கு 'நியூ ஹாலந்து' என்று பெயர். அதனால் இது 'ஹாலண்டிகஸ்' ஆனது. 1832-இல் ஜெர்மானியர் வாக்ளர் கிரேக்க வனதேவதைகளின் பெயரையும் சேர்த்து 'நிம்ஃபிகஸ்' என்றார். விராஜுரி பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்ததாகக் கருதப்படும் 'குவாரியன்' என்ற பெயர் அதன் சொந்த மண்ணில் இன்றும் வழங்குகிறது.

1838-இல் ஜான் கோல்டு என்ற பறவை ஆய்வாளர் தன் மனைவி எலிசபெத்துடன் ஆஸ்திரேலியா போனார். அவர் எழுதுவார், அந்த அம்மையார் வரைவார். ஹண்டர் ஆற்றுப் பக்கம் தரையே தெரியாத அளவுக்கு இந்தப் பறவைகள் இறங்கி மேய்வதை அவர் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். ஊர் திரும்பிய மறு ஆண்டே, 1841-இல், எலிசபெத் பிரசவத்துக்குப் பின் இறந்துபோனார். அவர்களுடைய புத்தகங்களைப் பார்த்த ஐரோப்பியருக்கு ஆஸ்திரேலியப் பறவைகள் மேல் மோகம் பிறந்தது. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே காக்கடீல் ஐரோப்பியக் கூண்டுகளில் குஞ்சு பொரிக்கத் தொடங்கியது.

காட்டுப் பறவையின் நிறம் சாம்பல். பவுனுவைப் போன்ற மஞ்சள் நிறம் 1950-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளர்ப்பவர்கள் பெருக்கியது. 1960 வாக்கிலேயே ஆஸ்திரேலியா தன் பறவைகளை வணிகத்துக்கு வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆக, பவுனுவின் பாட்டிகூட அந்த மண்ணைப் பார்த்திருக்காது. ஆனால் நாய் மனிதனோடு வாழ்ந்து பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, காக்கடீலுக்கு இருநூறுகூட ஆகவில்லை. நிறத்தை மாற்ற நூறு ஆண்டு போதுமாக இருந்தது. பயத்தை மாற்ற அது போதவில்லை. வல்லூறையே பார்த்திராத பவுனு, தலைக்கு மேலிருந்து இறங்கும் என் கையை வல்லூறாகத்தான் பார்த்தது.

இது புரிந்த பிறகு நான் என்னை மாற்றிக்கொண்டேன். கூண்டைச் சுவரோரமாக என் கண் மட்டத்தில் வைத்தேன். அப்படி வைத்தால் முதுகுப் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியம் அதற்கு. இரவில் ஒரு சின்ன விளக்கு, மின்சாரம் போனாலும் எரிகிற மாதிரி. துண்டைக் கண்ணில் படாமல் வைத்தேன். தினமும் காலையில் கூண்டுக்குப் பக்கவாட்டில் நாற்காலி போட்டு, அதன் முகத்தைப் பார்க்காமல், செய்தித்தாளை வாய்விட்டுப் படித்தேன். மூன்று வாரம் அவ்வளவுதான். பிறகு தினைக்கதிர் ஒன்றைக் கம்பி வழியாக நீட்டினேன். அது கொண்டையைப் படித்துக்கொண்டால் உடனே கையை எடுத்துவிடுவேன். 'வேண்டாம்' என்று சொன்னால் இந்த ஆள் கேட்கிறான் என்று அதற்குத் தெரிய வேண்டும் அல்லவா? நாளாக ஆகக் கதிரின் நீளத்தைக் குறைத்தேன். மூன்றாவது மாதக் கடைசியில், வயிற்றுக்கு நேராகப் பக்கவாட்டிலிருந்து நீட்டிய விரலில் ஒரு கால் வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. இப்போது தோளில் உட்கார்ந்து அலகை அரைக்கிறது. தூக்கம் வருகிறது, பயமில்லை என்று அதற்கு அர்த்தம்.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், உதடு அசையும், சத்தம் வராது. நான் பிரம்போடு அவள் தலைக்கு மேல் போய் நின்று, "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பேன். வகுப்பே சிரிக்கும். படிக்காத பெண் என்று முடிவு கட்டிவிட்டேன். அவள் பத்தாம் வகுப்புக்கு வரவே இல்லை. நான் ஏன் என்று விசாரிக்கவும் இல்லை. பறவைக்கு மூன்று மாதம் காத்திருந்த எனக்கு அன்று மூன்று நிமிடம் காத்திருக்கத் தெரியவில்லை. அவள் இதைப் படிப்பாளா தெரியாது. படித்தால், அம்மா, தவறு என்னுடையது. அந்த வகுப்பில் என்னைக் கண்டு நடுங்கிய மற்றவர்களுக்கும் இதையே சொல்கிறேன். உங்களில் ஆசிரியர் வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். இதை உங்களுக்காகத்தான் எழுதினேன்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். கூண்டுக்கு நேரே போகாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருங்கள். படம் மட்டும் கேட்காதீர்கள். பவுனுவாக வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்