தோலைத் தொடும் துணி, துணியைத் தொடும் கை

சாயத்தின் வரலாறு என்று நமக்குச் சொல்லித் தரப்படுவது கண்டுபிடித்தவர்களின் வரலாறு. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்கிற பதினெட்டு வயசுப் பையன் தாரிலிருந்து கிடைத்த பொருளை வைத்து ஊதாச் சாயம் செய்தான். 1858-இல் பீட்டர் கிரீஸ் அசோ சாயங்களுக்கு அடிப்படையான வேதிவினையைக் கண்டான். 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர், வருசம், கம்பெனி எல்லாம் இருக்கு. பொடியை அள்ளிக் கொட்டினவன் எங்கே? தொட்டியைக் கழுவினவன் எங்கே?

அவன் ஆஸ்பத்திரிக் குறிப்பில் இருக்கிறான். 1895-இல் ஃபிராங்ஃபர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்சின் என்கிற சாயம் தயாரித்த 45 தொழிலாளிகளில் மூன்று பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருப்பதாக அறிவித்தார். 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் பென்சிடினும் பீட்டா நாப்தைலமினும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று எழுதியே வைத்துவிட்டது. அதாவது, இது தெரியாமல் நடந்த சாவு இல்லை. தெரிந்தே நடந்தது.

இந்த இடத்தில் நாம் ஒரு கணக்குப் போட வேண்டும். 1921-இல் தெரிந்த விஷயத்துக்குத் துணியில் தடை வந்தது 1994-இல். நடுவில் 73 வருசம். அந்த 73 வருசத்தில் என்ன நடந்தது? சாயம் இடம் மாறியது. மேற்கு நாட்டுப் பெருங்கம்பெனிகள் பென்சிடின் தயாரிப்பை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. அந்த வேலை இந்தியா மாதிரி நாடுகளுக்கு வந்தது. அகமதாபாதில் பென்சிடினும் அதன் சாயங்களும் தயாரித்த தொழிலாளிகளின் சிறுநீரையும் சிறுநீர்ப்பைச் செல்களையும் எடுத்து ஆராய்ந்த கட்டுரை அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றில் 1996-இல் வெளிவந்தது. ரேன் பார்த்த அதே உறுப்பை நூறு வருசம் கழித்து இன்னொரு நாட்டு ஏழை உடம்பில் பார்க்கிறார்கள். விஞ்ஞானம் வளரத்தான் செய்தது. உடம்பு மட்டும்தான் மாறியிருந்தது.

1994 ஜூலையில் ஜெர்மனி சட்டம் கொண்டுவந்தது. உடைந்தால் புற்றுநோய் அமின்களை வெளிவிடும் அசோ சாயங்கள், தோலில் நெடுநேரம் படும் துணியில் இருக்கக் கூடாது. காலக்கெடு தள்ளித் தள்ளி 1996-இல் அமலுக்கு வந்தது. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் அதையே ஆணையாக்கினார்கள். ஒரு கிலோ துணியில் 30 மில்லிகிராமுக்கு மேல் அந்த அமின் வரக் கூடாது என்பது அளவு. இந்தியா 1993-இல் பென்சிடின் சாயங்களையும், ஜெர்மன் சட்டம் வந்த பிறகு 1997-இல் வேறு 70 அசோ சாயங்களையும் தடை செய்தது.

"தோலில் நெடுநேரம் படும்" என்ற சொற்களை நிறுத்திப் படியுங்கள். யாருடைய தோல்? பனியனைப் போட்டுக்கொள்கிறவனின் தோல். எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் அந்தச் சாயத்தண்ணியிலேயே கை வைத்திருப்பவனின் தோல் அந்த வாக்கியத்துக்குள் வரவே இல்லை. சட்டம் அளப்பது துணியை. கையை அளக்க அதில் கோல் இல்லை.

அன்றைக்குத் திருப்பூரில் இரண்டு குரல்தான் கேட்டது. ஏற்றுமதியாளர் குரல்: இது வெள்ளைக்காரன் போடுகிற வர்த்தகத் தடை, நம் தொழிலை ஒழிக்கப் பார்க்கிறான். அதிகாரிகள் குரல்: தரத்தை உயர்த்தினால் சந்தை நம் கையில். முதலாளியின் தேசபக்தி ஒரு பக்கம், சந்தையின் சுத்தம் ஒரு பக்கம். சாயத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவனை எவனும் கேட்கவில்லை. நான் தடை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சாயம் பட்டறையை விட்டுப் போனதில் நம் ஆட்களின் சிறுநீர்ப்பைக்கும் நன்மைதான். ஆனால் அது நமக்காக வந்த நன்மை இல்லை. வேறொருத்தனுக்குப் பிடித்த குடையில் நம் தோளில் நாலு சொட்டுக் குறைந்தது, அவ்வளவே.

சட்டம் எப்படிக் கீழே இறங்கியது என்று பார்த்தால் இன்னும் விளங்கும். அங்கே இறக்குமதி செய்கிறவன் ஏற்றுமதி கம்பெனியிடம் லேப் சர்ட்டிபிகேட் கேட்டான். கம்பெனி, சாயப்பட்டறைக்காரனிடம் கேட்டது. பட்டறைக்காரன் சாயம் விற்கிற ஏஜென்டிடம் கேட்டான். ஒவ்வொரு படியிலும் செலவைக் கீழே தள்ளினார்கள். துணிக்கு விலை ஏறவில்லை. கடைசிப் படியில் நிற்பவனுக்குத் தள்ள ஆள் இல்லை. கையுறை, முகமூடி, மருத்துவச் சோதனை என்று அவனுக்குப் போயிருக்க வேண்டிய காசில்தான் மேலே இருப்பவர்களின் சர்ட்டிபிகேட் வந்தது.

என் சித்தப்பா அப்படி ஒரு பட்டறையில் பதினோரு வருசம் இருந்தார். பெயர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, அந்தப் பட்டறையே இப்போது இல்லை. அவர் சொன்னது இது: "ஆடிட்காரங்க வர்ற அன்னிக்கு பூட்ஸ் குடுப்பாங்கடா, கையுறை குடுப்பாங்க. போனதும் எண்ணி வாங்கி பீரோல வச்சுப் பூட்டிருவாங்க. கை நீலமா இருந்தா அந்த வாரம் நீலம், செவப்பா இருந்தா செவப்பு. சோத்தப் பெசைஞ்சாலும் காஸ்டிக் வாசம்தான்." துணி ஆய்வில் தேறியது. சித்தப்பாவின் கையை எந்த லேபுக்கும் யாரும் அனுப்பவில்லை.

அடுத்து நொய்யல். பருத்தித் துணிக்கு இன்று பெரும்பாலும் போடும் ரியாக்டிவ் சாயம் நூலில் ஏற, உப்பு ஏராளமாகக் கொட்ட வேண்டும். துணியை அலசினால் உப்பெல்லாம் தண்ணியோடு போய்விடும். ஐரோப்பியச் சோதனைக்கூடத்துக்குப் போகும் பனியனில் உப்பு இருக்காது. அது ஆற்றில் இருக்கும், ஒரத்துப்பாளையம் அணையில் இருக்கும், கிணற்றில் இருக்கும். துணியை மட்டும் சோதிக்கிற சட்டத்தின் கண்ணுக்கு ஓர் ஆறே தெரியாமல் போவது இப்படித்தான்.

ஆற்றுக்காக வழக்குப் போட்டவர்கள் பாசன விவசாயிகள். அவர்கள் போராட்டம் நியாயமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே வரக் கூடாது என்ற ஏற்பாடு அதற்குப் பிறகே இறுகியது. ஆனால் இழப்பீடு எப்படிக் கணக்கிடப்பட்டது? ஏக்கர் கணக்கில். உப்பேறிய வயலுக்குச் சொந்தக்காரனுக்கு ஏக்கர் உண்டு. அந்த வயலில் களை பறித்துக் கூலி வாங்கிய அருந்ததியர் பெண்ணுக்கு ஏக்கர் ஏது? வயல் கெட்டதில் அவள் கூலி போச்சு, பட்டறை மூடினதில் அவள் மகன் கூலி போச்சு. இரண்டு தரப்பின் கணக்கிலும் அவள் இல்லை.

ஆறு என்றாலும் எந்த ஆறு என்று கேட்க வேண்டியிருக்கிறது. நோனைல்ஃபீனால் எதாக்சிலேட் என்று ஒரு ரசாயனம். துணி அலசப் பயன்படும். நீரில் சிதைந்து மீன்களின் இனப்பெருக்கத்தைக் கெடுக்கும். ஐரோப்பா தன் துணி ஆலைகளில் இதை 2005-இலேயே கட்டுப்படுத்தியது. வெளியிலிருந்து வரும் துணியில் இருக்கக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்தது 2021 பிப்ரவரியில். பதினாறு வருசம்! அதற்கும் காரணம் என்ன தெரியுமா? இறக்குமதித் துணியை அங்கே வீட்டில் துவைக்கும்போது அவர்கள் ஆற்றில் கலக்கிறதாம். அவர்கள் மீனுக்காகத்தான் நம் பட்டறைக்கு விதி வருகிறது.

சாதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவே ஆகிய இரு ஆய்வாளர்கள் திருப்பூர் வட்டார கிராமங்களைப் பார்த்து 2014-இல் எழுதிய கட்டுரைக்கு, டி-ஷர்ட்டுகளும் டம்ளர்களும் என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். பனியன் கம்பெனிக்குப் போக முடிந்த ஊரில் தலித்துகளுக்கு ஆதிக்கசாதிப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. விசைத்தறி முன்பணத்தில் சிக்கிய ஊரில் அடிமைத்தனம் புது வடிவம் எடுத்தது. ஒரே ஏற்றுமதித் தொழில்தான், ஊருக்கு ஊர் வேறு கதி. எந்த ரசாயனச் சான்றிதழிலும் இந்த வித்தியாசம் பதிவாகாது. 2025 மே மாதம் பல்லடம் பக்கம் ஒரு சாய ஆலையின் கழிவுத்தொட்டியில் இறங்கி மூன்று பேர் செத்தார்கள். மூன்று பேரும் அருந்ததியர். தொட்டிக்குள் இறங்க யாரைக் கூப்பிடுவது என்பதற்கு எந்த வழிகாட்டு நெறியும் தேவைப்படவில்லை. அது நம் ஊரில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

அம்பேத்கர் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1946-இல், ஆலைச் சட்டம் திருத்தப்பட்டு வார வேலை 54 மணியிலிருந்து 48 ஆனது. அந்தச் சட்டம் சரக்கை அளக்கவில்லை, தொழிலாளியின் நாளை அளந்தது. நமக்கு வேண்டியது அந்த அளவுகோல். சாயத்தைத் தொடுகிறவரின் சிறுநீர்ச் சோதனை முடிவு அவர் கையிலேயே இருக்கட்டும். பட்டறை மூடுகிற நாளுக்குக் கூலி விதியிலேயே எழுதப்படட்டும். தொட்டிக்குள் மனுசன் இறங்கினால் அந்த ஆலையின் துணிக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது என்று வாங்குகிறவன் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஒரு கிலோ துணிக்கு 30 மில்லிகிராம் வரை எண்ணத் தெரிந்த உலகத்துக்கு, தொட்டிக்குள் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எண்ணத் தெரியாமல் போகாது. எண்ண வைக்கிற வேலை நம்முடையது.