நாணம் என்றொரு காரணம்

என் பாட்டிக்குத் தாத்தாவின் பெயர் தெரியும், சொல்லமாட்டாள். கெலமங்கலம் பக்கத்துப் பள்ளியில் ஓட்டுப்போடப் போனபோது, பட்டியல் பார்த்தவர் "புருஷன் பேரு?" என்று கேட்டாராம். பாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாளாம். பின்னால் நின்ற நாத்தனார் சொன்ன பிறகுதான் விரலில் மை. வீட்டில் இதை வேடிக்கையாகச் சொல்வார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் சொன்னேன்.

1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். ஆனால் சொத்துத் தகுதி வேண்டும். சொத்து யார் பெயரில் இருந்தது? 1935ஆம் ஆண்டுச் சட்டம் கணவனின் தகுதியைக் கொண்டு மனைவியை வாக்காளராக்கியது. ஓட்டும் தாலி வழியாகவே வந்தது.

1951-52 பொதுத்தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு. பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற பகுதிகளில் பெண்கள் பலர் அந்நியரிடம் தம் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றே பதிவானார்கள். சொந்தப் பெயர் வேண்டும் என்றார் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். பீகாருக்குக் கூடுதல் அவகாசமும் கொடுத்தார். கடைசியில், சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறத்தாழ 28 லட்சம் பேரின் பதிவுகள் நீக்கப்பட்டன. சென் பிடிவாதம் பிடித்தது சரி என்றே நினைக்கிறேன். பெயரில்லாத ஓட்டு புருஷன் ஓட்டாகத்தான் முடிந்திருக்கும். ஆனாலும் 28 லட்சம்!

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நாங்கள் வகுப்பில் நடத்துகிறோம். உளவியலார் ஐந்து குணக்கூறுகள் என்கிறார்கள். புதுமை நாட்டம் கொண்டவர் தாராளவாதிகள் பக்கமும், ஒழுங்கு நாட்டம் கொண்டவர் பழமைவாதிகள் பக்கமும் சாய்வதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டுகின்றன. இருக்கட்டும். சாய்வதற்கு முன் ஓட்டு கைக்கு வரவேண்டும். 1962 மக்களவைத் தேர்தலில் ஆண்களில் 63.31 விழுக்காட்டினர் வாக்களித்தனர், பெண்களில் 46.63 மட்டுமே. 2019இல் பெண்கள் 67.18, ஆண்கள் 67.01. நாற்குணமும் அறுபது வருடத்தில் கழன்று விழுந்தனவா? பள்ளிக்கூடம், அடையாள அட்டை, பஞ்சாயத்து இடஒதுக்கீடு என்று எத்தனையோ நடுவில் வந்திருக்கின்றன. குணத்தைக் குறை சொல்வது எளிது. பட்டியலைத் திருத்துவதுதான் வேலை.

எனக்கே இது உறைக்கச் சில காலம் ஆனது. 2024 ஏப்ரல் 19, வாக்குப்பதிவு நாள். என் பழைய மாணவி ஒருத்தி ஓசூரில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை, ஹாஸ்டலில் வாசம். ஓட்டு விழுப்புரம் பக்கத்துச் சொந்த ஊரில். "போகலையா?" என்று கேட்டேன். "எனக்கு அதுல அவ்வளவா ஈடுபாடு இல்ல மேடம்" என்றாள். இந்தத் தலைமுறையே இப்படித்தான் என்று மனதுக்குள் எழுதியும் விட்டேன்.

பிறகு போனைக் காட்டினாள். அம்மா அனுப்பிய படம்: மை வைத்த விரல். அதற்கு மேலே, முந்தின நாள் தங்கைக்கு இவள் அனுப்பிய கணக்கு: இரவு ஷிஃப்ட் முடிவது 6 மணி, கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ், திருவண்ணாமலைக்கு ஒன்று, அங்கிருந்து இன்னொன்று, மறுநாள் காலை 6 மணிக்கு மறுபடி ஷிஃப்ட்.

"ஓட்ட இங்க மாத்திக்கலாமே?"

"ஹாஸ்டல் அட்ரஸா மேடம்? மூணு வருஷத்துல இது நாலாவது ஹாஸ்டல்."