மலாய் உணவு: தெல்தெனியவும் கண்டி வட்டாரமும்

டச்சு ஆட்சிக்காலம் தொட்டு ஜாவாவிலிருந்தும் அதைச் சூழ்ந்த தீவுகளிலிருந்தும் இலங்கைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இலங்கை மலாயர் எனப்படுகின்றனர். அவர்களுடைய அடுப்பங்கரையில் உருவாகி, இன்று தீவு முழுவதும் பரவியிருப்பது இலங்கை மலாய் உணவு. வட்டலப்பம், பாபத், மலாய் அச்சாறு, நாசி கோரெங், தொதல், பஸ்தோல், சாத்தே ஆகியன இதில் பெயர்பெற்றவை.

சிங்கப்பூரிலும் பினாங்கிலும் மலாக்காவிலும் மலாய் உணவையும் பெரானாக்கான் உணவையும் கடைத்தெருவில் தேடி உண்ணலாம். இலங்கையில் நிலைமை வேறு. இங்கே மலாய்ச் சமையல் பெயர்ப்பலகை ஏறியது குறைவு. பெரும்பாலும் வீட்டிலும் பெருநாள் விருந்திலுமே நின்றுவிட்டது. அதே வேளை அதன் பண்டங்கள் பல ஊருக்கெல்லாம் பொதுவாகி, எங்கிருந்து வந்தவை என்ற நினைப்பே இல்லாமல் உண்ணப்படுகின்றன. கண்டிக்குக் கிழக்கே மகியங்கனை வீதியில் அமைந்த தெல்தெனியவும் அதைச் சூழ்ந்த தும்பறைப் பகுதியும் இதைப் புரிந்துகொள்ள வசதியான இடம். மலாய்ப் படைவீரரின் வரலாறு நடந்ததும் இந்தப் பக்கத்தில்தான். மலாய் இனிப்புக்கு வேண்டிய ஏலமும் கித்துளும் விளைவதும் இந்தப் பக்கத்தில்தான்.

வரலாறு

மக்கள்தொகையில் மலாயர் மிகச் சிறிய பங்கினர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் 0.2 சதவீதம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனி தனக்கு அடங்காத ஜாவா அரச குடும்பத்தினரை இலங்கைக்கு நாடுகடத்தியது; மதராம் மன்னர் மங்குராத் மாஸ் 1708இல் அப்படி அனுப்பப்பட்டவர். அரச குடும்பத்தாரோடு பணியாட்கள் வந்தனர். கைதிகளும் அடிமைகளும் வந்தனர். படைவீரராகவும் பெருந்தொகையினர் வந்தனர். 1796இல் ஆங்கிலேயர் கரையோரத்தைப் பிடித்தபோது டச்சுக்காரரின் மலாய்ப் படையையும் தமதாக்கிக்கொண்டனர்.

மலாயர் கண்டிக்குள் வந்த கதை போரோடு பிணைந்தது. 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டி நகரைப் பிடித்து, மேஜர் டேவியின் பொறுப்பில் ஒரு காவற்படையை விட்டுச் சென்றனர். மலாய் வீரரும் அதில் இருந்தனர். ஜூன் மாதம் கண்டிப் படை சூழ்ந்துகொள்ள, டேவி சரணடைந்தார். ஆங்கிலச் சிப்பாய்கள் வட்டப்புளுவையில் மகாவலிக் கரையில் கொல்லப்பட்டனர். மலாயருக்கு மட்டும் மன்னர் தம் படையில் இடம் தருவதாகச் சொன்னார். பலர் ஏற்றனர். அவர்களுடைய தலைவரான கப்டன் நூருத்தீன் ஏற்க மறுத்து, சகோதரரோடு உயிரை விட்டார். அந்த மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்ணுசாமி என்பது இயற்பெயர்; நாயக்கர் வழியினர். 1815 பெப்ரவரி 18ஆம் நாள் அவர் பிடிபட்டது தெல்தெனியவுக்கு அப்பால் உள்ள மெதமகாநுவரப் பக்கத்தில். பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டார்.

ஆங்கிலேயரின் இலங்கை ரைபிள் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. மலாய் ஆண்கள் பொலிஸ், சிறைச்சாலை, தீயணைப்புச் சேவைகளுக்கும் மலைநாட்டுத் தோட்டங்களின் மேற்பார்வை வேலைகளுக்கும் போனார்கள். கண்டி, நாவலப்பிட்டி, கம்பளை, பதுளை ஆகிய ஊர்களில் மலாய்க் குடும்பங்கள் நிலைபெற்றதற்கு இந்த வேலைகளும் ஒரு காரணம். மலாய் ஆண்கள் பலர் தமிழ் பேசும் சோனகப் பெண்களை மணந்தனர். அதன் தடம் பேச்சிலும் தெரியும்: மலைநாட்டு மலாய் மொழிக்கு 2009இல் இலக்கணம் எழுதிய செபஸ்தியன் நோர்டொஃப் காட்டியுள்ளபடி, அதில் வினை தமிழைப் போல வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது, பெயர்ச்சொல் உருபு ஏற்கிறது. அந்த வீடுகளின் அடுப்பிலும் இதே கலப்புதான்.

தும்பறையின் சரக்கு

இன்றைய தெல்தெனிய பழைய தெல்தெனிய அல்ல. விக்டோரியா அணைக்கட்டு எழும்பியபோது பழைய ஊர் நீரில் மூழ்கியது. புதிய நகரம் மேட்டில் அமைக்கப்பட்டது. 122 மீற்றர் உயரமான அந்த அணையை 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சர் வந்திருக்கத் திறந்துவைத்தனர். கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கட்டடங்களின் இடிபாடுகள் வெளியே தெரிவதுண்டு. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய வட்டாரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, நாடெங்கும் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. இங்கே எந்த முஸ்லிம் கடையில் உட்கார்ந்து உண்பவரும் இதை அறிந்திருப்பது நல்லது.

ஊருக்கு வடக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். அதன் காட்டு நிழலில் நெடுங்காலம் ஏலம் பயிரிடப்பட்டது. கீழ்மரங்களை வெட்டி ஏலம் நட்டதால் காட்டுக்கு வந்த கேடு பெரிது என்பதால் அப்பயிர் கட்டுப்படுத்தப்பட்டது; 2000இல் மலை பாதுகாப்பு வனமானது, 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாட்டின் பகுதியாகச் சேர்ந்தது. மலையடிக் கிராமங்களில் கித்துள் மரமேறிப் பாளை சீவி, பதநீரைக் காய்ச்சிப் பாணியும் கருப்பட்டியும் எடுக்கிறார்கள். கண்டி, மாத்தளை வீட்டுத் தோட்டங்களில் சாதிக்காயும் கராம்பும் கறுவாவும் உண்டு. முட்டையையும் தேங்காயையும் சேர்த்துவிட்டால் வட்டலப்பத்துக்கு வெளியூரில் வாங்க வேண்டியது முந்திரிப்பருப்பு மட்டுமே.

உணவுகள்

வட்டலப்பம் இன்று இலங்கை முஸ்லிம்களின் பெருநாள் அடையாளம்; சிங்கள, தமிழ் வீட்டுக் கலியாணங்களிலும் பரிமாறப்படுகிறது. மலாயர் வழியாக வந்தது என்பதே பரவலான கருத்து. மலாய் உலகின் ‘ஸ்ரீகாயா’ என்னும் பண்டத்திலும் முட்டை, தேங்காய்ப்பால், இனிப்பு ஆகிய மூன்றும்தான் அடிப்படை என்பதால் அக்கருத்து பொருத்தமாகவே இருக்கிறது. தமிழ்நாட்டின் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வட்டலப்பம் வீட்டுப் பண்டமாக இருப்பது பாக்கு நீரிணையைக் கடந்த வணிக உறவின் விளைவு.

செய்முறை எளிது, கைப்பக்குவம் எளிதன்று. கித்துள் கருப்பட்டியைச் சீவி முதற்பாலில் கரைத்து வடிகட்ட வேண்டும். முட்டையை நுரை பொங்க அடிக்காமல் கலக்கிச் சேர்த்து, ஏலப்பொடியும் துருவிய சாதிக்காயும் இட்டு, மூடி ஆவியில் அவிக்க வேண்டும். தீ கூடினால் உள்ளே பெரிய துளைகள் விழுந்து அடியில் நீர் பிரிந்து நிற்கும். கடைகளில் சிறு பிளாஸ்டிக் கிண்ணங்களில் விற்பது அநேகமாக இந்தக் குற்றம் உடையது. கித்துளுக்குப் பதில் சீனியும் நிறமும் சேர்த்தவையும் உண்டு. கித்துளின் புகைவாசனை அவற்றில் இருக்காது.

பாபத் என்பது மாட்டின் இரைப்பையைக் கொண்டு ஆக்கும் கறி. சுடுநீர் ஊற்றிச் சுரண்டி, சுண்ணாம்பு தேய்த்துப் பலமுறை கழுவிய பிறகே அடுப்பேறும். இஞ்சி, பூண்டு, ரம்பை, எலுமிச்சம்புல், கறுவாப்பட்டை, மிளகாய்த்தூள் சேர்த்து மெதுவாக வேகவிட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் விடுவார்கள். துணை பிட்டு. கொழும்பு கொம்பனித்தெருவின் மலாய்ச் சமையலில் இது பெரும்பேர் பெற்றது. கண்டி வட்டார மலாய் வீடுகளிலும் விடுமுறை நாட் காலையுணவு. யாழ்ப்பாணத்தார் ஆட்டுக்குடற் கறியோடு பிட்டு உண்பதைப் பார்த்தவருக்கு இந்தச் சேர்க்கை புதிதாகத் தோன்றாது. பிட்டின் உதிரிப்பதத்துக்குக் கொழுப்புள்ள குழம்பு எவ்வளவு பொருந்தும் என்பதை இரு சாராரும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மலாய் அச்சாறு ஊறுகாயும் அல்ல, சாலட்டும் அல்ல. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட், சில வீடுகளில் பப்பாக்காய், இவற்றோடு பேரீச்சம்பழம். கடுகும் இஞ்சியும் பூண்டும் வினாகிரி விட்டு அரைத்த கூட்டில் இவை ஊறுகின்றன. எண்ணெய் கிடையாது. புரியாணி, மஞ்சட் சோறு ஆகியவற்றின் நெய்ப்பசையை அறுப்பதற்கே இது இலையில் வருகிறது. முதல் நாளைவிட மூன்றாம் நாளில் சுவை கூடும். என்னைக் கேட்டால், மலாய்ச் சமையல் தீவுக்குத் தந்தவற்றுள் வட்டலப்பத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். நாசி கோரெங்குக்கு அல்ல.

நாசி கோரெங்கை இன்று மலையோர ஹோட்டல்களிலும் காணலாம். கண்டி நகரில் இது சீனத் தாளித்த சோற்றின் காரமான தம்பி போல ஆகிவிட்டது: போத்தல் சோஸ், கோழித்துண்டு, மேலே ஒரு பொரித்த முட்டை. வீட்டு முறை வேறு. காய்ந்த மிளகாயும் வெங்காயமும் கூனி இறாலும் சேர்த்து அரைத்த கூட்டை எண்ணெய் பிரிய வதக்கி, முதல் நாள் சோற்றை அதில் புரட்டுவார்கள்.

தொதல் அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகியவற்றைப் பெரிய தாச்சியில் மணிக்கணக்காகக் கிண்டி எடுப்பது. எண்ணெய் கக்கித் தாச்சியில் ஒட்டாமல் உருளும்போது இறக்குவார்கள். தெற்கே மலாயர் நெடுங்காலம் வாழும் அம்பாந்தோட்டை இதற்குப் பேர்போனது. கீழக்கரைத் தொதலும் இதே குடும்பம். பஸ்தோல் இறைச்சிப் பூரணம் வைத்து மடித்துப் பொரிக்கும் பலகாரம். நோன்பு மாதத்தில் மாலைக் கஞ்சியோடு சேரும். சாத்தே குச்சியில் கோத்துச் சுடும் இறைச்சி.

லம்பிரைஸ் மலாய் உணவல்ல, டச்சுப் பறங்கியருடையது. எனினும் வாழையிலைக்குள் சோறும் இறைச்சிக் கறியும் கத்தரிக்காய் மோஜுவும் சீனிச் சம்பலும் வைத்து வாட்டும் அப்பொதியில் ‘பிளச்சான்’ என்ற இறால் துவையலும் இருக்கும். பெயரும் பொருளும் ஜாவாப் பக்கத்திலிருந்து டச்சுக்காரர் வழியே வந்தவை.

பெரானாக்கான் உணவோடு ஒப்பீடு

பெரானாக்கான் எனப்படுவோர் மலாய் நாட்டில் குடியேறிய வணிகர் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகங்கள். சீன வழியினரான பாபா, நியோனியா மக்கள் அதிகம் அறியப்பட்டவர்கள். நச்சுத்தன்மை போக நாட்கணக்கில் ஊறவைத்த கெலுவாக் கொட்டையோடு கோழி சமைக்கும் ‘ஆயாம் புவா கெலுவாக்’ அவர்களுடைய பெருமை. பன்றி இறைச்சியும் அவர்கள் சமையலில் உண்டு. இலங்கை மலாயர் முஸ்லிம்கள். பன்றி இறைச்சி இங்கே இல்லை.

தமிழருக்கு நெருக்கமானவர்கள் மலாக்கா செட்டிகள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகரின் வழியினர். பேசுவது மலாய், வழிபடுவது சைவ முறை. மலாக்காவின் ஸ்ரீ பொய்யாத விநாயக மூர்த்தி கோயில் 1781இல் அவர்கள் எழுப்பியது. போகிக்கு முன்னோருக்குப் படைக்கும் ‘பார்ச்சு’ச் சடங்கில் வாழையிலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பாற் சோறும் மீன் குழம்பும் பலகாரமும் வைக்கிறார்கள். இலங்கை மலாயர் இதற்கு மறுபக்கம்: அங்கே தமிழ்க் குடும்பத்துக்குள் மலாய்ச் சமையல் வந்தது, இங்கே மலாய்க் குடும்பத்துக்குள் தமிழ்ச் சமையல் வந்தது.

சரக்கிலும் மாற்றம் உண்டு. பெலாச்சான் என்னும் இறால் பசை தரும் ஆழ்ந்த உவர்ச்சுவைக்கு இலங்கையில் பெரும்பாலும் மாசிக் கருவாடு. மலாய் மீன் குழம்பின் ‘அசாம் கெலுகோர்’ புளிக்கு இங்கே கொறக்காய்ப்புளி. இரண்டும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை, கொடம்புளியும் அப்பேரினமே. ரம்பையும் எலுமிச்சம்புல்லும் இரு நாட்டுக்கும் பொது. கறிவேப்பிலையும் வெந்தயமும் இலங்கை மலாய்க் குழம்பில் தாராளமாக விழும். மலாக்காவில் அவற்றைச் செட்டிகள் வீட்டிலும் தமிழ் முஸ்லிம் கடைகளிலும் எதிர்பார்க்கலாம்.

பயணிகளுக்கு

நோன்பு மாதத்திலும் இரு பெருநாட்களிலும் கண்டி வட்டாரத்துக்கு வருபவருக்கே மலாய்ப் பலகாரங்கள் எளிதில் கிட்டும். பிற நாட்களில் வட்டலப்பத்தையும் அச்சாற்றையும் முஸ்லிம் உணவுக் கடைகளில் பெறலாம். பாபத் வேண்டுவோர் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும், அல்லது மலாய்க் குடும்பம் ஒன்றின் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் இதைக் கேட்டறிந்து தவிர்க்கலாம். சமைக்கும் வீட்டார் அதைக் குறையாக நினைப்பதில்லை.

கித்துள் கருப்பட்டி வாங்குபவர் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. சீனி கலந்தது கல்லாக இறுகி, உடைத்தால் பளிங்கு போல் மினுங்கும். நல்ல கருப்பட்டி சற்று மென்மையானது, காற்றுப் பட்டால் ஈரம் உறிஞ்சிக் கசியும். அதனால்தான் ஓலையிலோ வாழைச்சருகிலோ பொதிந்து புகையடிக்கும் இடத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். விமானத்தில் கொண்டுபோவதானால் காற்றுப் புகாத பெட்டியில் அடைத்துக்கொள்வது நல்லது.