ஹாம்ப்ஸ்டெட் யுத்தகாலக் குழந்தை இல்லங்கள்

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது, விமானத் தாக்குதலால் வீடிழந்தும் பெற்றோரைப் பிரிந்தும் நின்ற லண்டன் மாநகரக் குழந்தைகளுக்காக, உளப்பகுப்பாய்வு அறிஞர் அன்னா ஃப்ராய்டும் அவருடைய தோழி டோரதி பர்லிங்ஹாமும் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் நிறுவி நடத்திய இல்லங்கள். நாஜிகளுக்கு அஞ்சி 1938-இல் வியன்னாவைத் துறந்து தந்தை சிக்மண்ட் ஃப்ராய்டுடன் லண்டனில் அடைக்கலம் புகுந்த அன்னா, அகதி வாழ்வின் துயரத்தைத் தாமே அறிந்தவர். ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு வீட்டில் தொடங்கிய பணி, 1941-இல் கைக்குழந்தைகளுக்குத் தனி இல்லமும், சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்கு எஸ்ஸெக்ஸ் கிராமப்புறத்தில் ஓர் இல்லமுமாக விரிந்து, யுத்தம் முடிந்த 1945 வரை நடைபெற்றது. செலவின் பெரும்பகுதியை அமெரிக்கத் தர்ம ஸ்தாபனம் ஒன்று ஏற்றது; அதற்கு மாதந்தோறும் அனுப்பிய அறிக்கைகள், நன்கொடையாளர்க்குக் கணக்கு ஒப்புவிக்கவே எழுதப்பட்டவையாயினும், பிற்காலத்தில் குழந்தை மனோதத்துவத்தின் ஆதார நூல்களுள் வைத்து எண்ணப்பட்டன.

குண்டுவீச்சின் பேரொலி குழந்தையின் உள்ளத்தைச் சிதைத்துவிடும் என்று பொதுவாக எண்ணப்பட்டிருந்த அக்காலத்தில், தாய் அருகிலிருந்து அவள் கலங்காதிருப்பாளாயின் குழந்தையும் பெரிதும் கலங்குவதில்லை என்றும், பத்திரமான கிராமத்துக்கு அனுப்பப்பட்டாலும் தாயைத் திடீரெனப் பிரிந்த குழந்தையே அதிக வேதனைக்கு ஆளாகிறது என்றும் இவ்விருவரும் கண்டனர். 1939 செப்டம்பரில் பிள்ளைகளை லட்சக்கணக்கில் ரயிலேற்றி வெளியூர்களுக்கு அனுப்பி, அவர்கள் உயிரைக் காத்துவிட்டோம் என்று ஆறுதலடைந்திருந்த தேசத்துக்கு இம்முடிவு உவப்பாக இருந்திராது. பிரிவே பெரிய தீங்கு என்று கண்டதால்தான் இவ்வில்லங்களில் தாய்மார் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்ற விதி இருந்தது. தாய் வந்து போனபின் குழந்தை அழுவதால் வருகையையே தடுக்க வேண்டும் என்பது அந்நாளில் பல விடுதிகளின் வழக்கம். அன்னாவோ, அழும் குழந்தையைவிட அழாமல் அடங்கிப்போன குழந்தையைக் கண்டே அதிகம் கவலைப்பட்டார்.

தம் இல்லத்தின் குறைகளையும் அவர்கள் மறைக்கவில்லை. தாமே உண்பதிலும் கூடி விளையாடுவதிலும் இங்குள்ள குழந்தைகள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முந்தியிருந்தும், பேச்சிலும் மலஜலப் பழக்கத்திலும் பிந்தியிருந்தனர். இதற்குப் பரிகாரமாக நாலைந்து குழந்தைகளுக்கு ஒரு செவிலி என்று, குழந்தைகள் நாடியவரையே இயன்றவரை தாயாக்கி, சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்தனர். உடனே பொறாமையும் பிடிவாதமும் ஓலமுமாக இல்லத்தின் அமைதி குலைந்தது. ஆனால் பின்தங்கியிருந்த பேச்சும் பழக்கங்களும் விரைந்து தேறின. அமைதியைப் பெரிதென மதிக்கும் நிர்வாகியாயின் முதல் வாரத்திலேயே பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பியிருப்பார்.

சமையலறையிலோ கொதிகலன் அறையிலோ பணி செய்வோரும் தாம் கண்டதைச் சீட்டில் குறிக்க வேண்டும் என்பது இங்கிருந்த நியதி. அவ்வாறு கொதிகலனைப் பார்த்துக்கொண்ட ஜேம்ஸ் ராபர்ட்சன், 1952-இல் ஆஸ்பத்திரியில் தாயின்றிக் கிடக்கும் இரண்டு வயதுக் குழந்தையைப் படமெடுத்தார். பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில் பெற்றோரின் வருகைக்கு இருந்த கட்டுப்பாடுகள் பையப் பையத் தளர்வதற்கு அப்படம் துணைபுரிந்தது.

யுத்தம் முடிந்தபின், பெற்றோரை நாஜிகள் கொன்றுவிட, தெரேசியன்ஷ்டாட் முகாமில் ஒன்றாக வளர்ந்த ஆறு குழந்தைகள் ஸஸெக்ஸில் ஒரு வீட்டில் ஓராண்டு பராமரிக்கப்பட்டனர். பெரியவர்களை அடித்தும் கடித்தும் விரட்டிய அச்சிறார், தம்முள் ஒருவரைவிட்டு ஒருவர் கணமும் பிரியாமல், தின்பண்டத்தைத் தாம் உண்ணுமுன் மற்றவர்க்குக் கொடுத்தனர். இவர்களைப் பற்றி, இவர்களைப் பராமரித்த ஸோஃபி டானுடன் சேர்ந்து அன்னா எழுதிய கட்டுரை 1951-இல் வெளியாயிற்று.